தலைமைக் கண்

கடல் வேண்டும் என்று புனேக்காரர்கள் யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. இருந்தும், நாட்டின் பவளப்பாறைகளில் வாழும் மீன்களைக் கணக்கெடுக்கிற தேசிய மையம் கடக்வாஸ்லா அணைக்குப் போகிற வழியில் ஒரு குன்றின் மேல்தான் இருக்கிறது. மையம் எங்கே அமைய வேண்டும் என்ற பேச்சு வந்தபோது மேற்குக் கரைக்காரர்கள் தங்கள் பக்கம்தான் என்றார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தீவுக்காரர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் ஒரு கமிட்டி போட்டு, எந்தக் கடலின் பக்கமும் சாயாத ஊராகத் தேடிப் புனேயைக் கண்டுபிடித்தார்கள். நாகபுரி இன்னும் நடுநிலையான ஊர் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். அங்கே வெயில் தாங்காது என்று கமிட்டிக்காரர்களின் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வாசலில் சிமெண்டில் செய்த கோமாளி மீன் ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். ஆண்டுதோறும் தசராவுக்கு அதற்குச் சாமந்தி மாலை போட்டு, ஜீப்புக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் பூஜை செய்வார்கள். மையத்தில் படகு கிடையாது. படகு வாங்கினால் அதை எந்தக் கரையில் நிறுத்துவது என்ற பழைய சண்டை மறுபடி கிளம்பிவிடும் என்பதால், அந்தக் கோப்பை யாரும் தொடுவதில்லை.

இந்த மையத்துக்குத்தான் வசந்தகுமார் ஒரு நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். கோயமுத்தூர்க்காரன். புனேயிலேயே கராடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், ஏதோ ஒரு தேசத்து வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன். கல்யாண நாளுக்கு அந்தமான் போன இடத்தில், படகுக்காரர் சொன்னாரே என்று முகமூடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டான். மஞ்சளும் நீலமுமாக ஒரு கூட்டம் அவன் மூக்கை உரசிக்கொண்டு போனது. தலையை வெளியே எடுத்தவன் பழைய வசந்தகுமார் இல்லை. ஊர் திரும்பியதும் லீவு போட்டு மூழ்கு பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினான். மையத்தில் "பார்வையாளர், இரண்டாம் நிலை" என்று விளம்பரம் வந்ததும் விண்ணப்பித்தான். தேர்வுக் குழுவினர் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "கூட்டல் வருமா?"

சம்பளம் பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவன் மனைவி பார்கவி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"ஏனுங்க, நெசமாவே கடலுக்கு அனுப்புவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"மீன் எண்ணுற ஆபீஸ் அம்மணி. கடலுக்கு அனுப்பாம வேற எங்க அனுப்புவாங்க?"

"அப்பச் சரிங்க. அடுத்த தீபாவளி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள உசுரோட இருக்கற மீனை ஒருக்கா எண்ணிட்டு வந்துட்டீங்கன்னா, காலம் பூரா இந்த வேலையே இருக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லீனா கராடிக்கே திரும்பிப் போயிரோணும். சரிங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஒரு வருஷத்தில் ஒரு மீனா கிடைக்காது என்று நினைத்தான். மையத்தைப் பற்றி அவனுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

பவளப்பாறை மீனை எண்ணுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மூழ்கிப் போய்ப் பாறையின் மேல் அளவு நாடாவை நீளமாக விரிக்க வேண்டும். விரிக்கிற சந்தடியில் மீனெல்லாம் ஓடிவிடும். அதனால் கொஞ்ச நேரம் ஒதுங்கிச் சும்மா இருக்க வேண்டும். அவை திரும்பி வந்ததும் நாடா நெடுக மெதுவாக நீந்திப் போய், இரு பக்கமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் தென்படுகிற மீன்களை இனம், எண்ணிக்கை, நீளம் என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். தண்ணீருக்குள் எதுவும் இருப்பதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். ஆகவே கண்ணைப் பழக்குவதற்கு மரத்தில் மீன் செய்து குளத்துக்குள் கட்டித் தொங்கவிட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டு பேரை எண்ணச் சொல்லி, இருவர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள். இவ்வளவும் உலகம் முழுக்க நடப்பது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மையத்தின் தனிச்சிறப்பு இதற்கு அடுத்த படியில் இருந்தது. இருவர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் மற்ற இடங்களில் மறுபடி எண்ணுவார்கள். மையத்தில் ஒரு கண்ணை அளவுகோலாக நியமித்திருந்தார்கள். அது இயக்குநர் டாக்டர் ரங்கராஜனின் கண். விதிகளில் அதற்குத் தலைமைக் கண் என்று பெயர். யாருடைய கணக்கும் தலைமைக் கண்ணின் கணக்கோடு ஒத்துப்போனால்தான் அவருக்குக் கடலுக்குப் போக விண்ணப்பிக்கும் தகுதி உண்டு.

இயக்குநருக்குச் சைனஸ் தொந்தரவு. தண்ணீரில் இறங்கினால் மூன்று வாரம் தும்முவார். அதனால் தலைமைக் கண் மையத்தின் பயிற்சிக் குளத்துக் கரையில், குடைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடிதான் எண்ணும்.

வசந்தகுமார் முதல் தடவை இறங்கினபோது உற்சாகமாகவே இறங்கினான். கசார்வாடிப் பட்டறை ஒன்றில் வெட்டிப் பெயிண்ட் அடித்த மர மீன்கள் நைலான் கயிற்றில் அழகாகத் தொங்கின. கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், களவா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனான். குளத்தின் ஆழமான மூலையில், கயிறு அறுந்து தரையில் ஒரு களவா கிடந்தது. வால் உடைந்து, பாசி பிடித்திருந்தது. அதையும் எழுதினான்.

தோற்றுவிட்டான்.

"கூடுதல் பார்வை," என்று அவன் பலகையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார் நிர்வாக அதிகாரி காடேகர் மேடம். காரணம் கேட்டதற்கு அவர் இந்தியில் பொறுமையாக விளக்கினார். குறைவாகப் பார்ப்பது கவனக் குறைவு, அதைப் பயிற்சியில் சரிசெய்யலாம். கூடுதலாகப் பார்ப்பது குணக் கோளாறு.

"மேடம், அது அங்க கெடக்குதுங்க. நான் தொட்டே பாத்தேன்."

"தொட்டீர்களா?" காடேகர் மேடம் சிவப்பு மையை மறுபடி திறந்தார்.

மூன்று மாதத்தில் அவன் நான்கு தடவை தோற்றான். தரையில் கிடந்த களவாவைக் காணாமல் விட அவனால் முடியவில்லை. ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு அதை விட்டான். அன்றைக்குப் பார்த்து மேகமூட்டம். தலைமைக் கண்ணுக்கு இரண்டு கிளிமீன்கள் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தன.

வழி சொன்னவள் சக பார்வையாளர் சாந்தகுமாரி. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடும்பத்துப் பெண். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மையம் தொடங்கியதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். முதல் நிலைப் பார்வையாளர், சிறந்த பார்வையாளர் விருது பலமுறை வாங்கியவள். கடலை மும்பை ஜுஹூவில் பேல்பூரி சாப்பிட்டபோது பார்த்திருக்கிறாள்.

"அரே வசந்து, நீ இன்னாத்துக்கு மீனைப் பாத்துகினு இருக்கற?" என்றாள். "சாரைப் பாரு. தண்ணிக்குள்ள இருந்து மேல பாத்தா கொடை தெரியும் இல்ல? கொடை எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கம் ஒண்ணு எழுது. கொடை நின்னுச்சா, நீயும் நின்னுடு. அவ்ளோதான், முடிஞ்சிச்சு."

"அப்ப மீனு?"

"மீனு எங்க பூடும்? கயித்துல கட்டி வெச்சிருக்காங்க."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டில் தீபாவளி காத்துக்கொண்டிருந்தது. தினமும் பார்கவி பையில் துண்டு வைத்து அனுப்புவாள். ஈரத் துண்டு திரும்பி வந்ததும் முகர்ந்து பார்த்து, "குளோரின்தானுங்க," என்பாள். அடுத்த சோதனையில் வசந்தகுமார் மல்லாந்து நீந்தியபடி குடையைப் பார்த்தே எண்ணினான். கணக்கு அப்படியே ஒத்துப்போனது. பேடாவும் பாராட்டும் கிடைத்தன. அதன் பிறகு நடந்த எந்தச் சோதனையிலும் அவன் தோற்கவில்லை. பட்டியல் விரலிலேயே வந்துவிட்டது.

தகுதி வந்ததும் கடலுக்குப் போக விண்ணப்பம் எழுதிக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனான். டாக்டர் ரங்கராஜன் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசி அறியாதவர். அறை முழுக்கப் பவளப்பாறைப் படங்கள்.

"உக்காருங்கோ வசந்த். கடலுக்குப் போகணுமா? எதுக்கு?"

"மீன் எண்ணத்தானுங்க சார்."

"அங்கதான் விஷயமே இருக்கு." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க தண்ணிக்குள்ள போறேள். மீன் என்ன பண்ணும்? பயப்படும். பாதி ஓடிப் போயிடும். நீங்க மிச்சத்தை எண்ணிண்டு வந்து, இதுதான் மீன் கணக்குன்னு எழுதுவேள். அது மீனோட கணக்கா? பயத்தோட கணக்கு. சில மீன் பயப்படாது, வேடிக்கை பாக்க வரும். அதையும் எண்ணுவேள். அது வம்போட கணக்கு. நீங்க போகாம இருந்தா எவ்வளவு இருக்குமோ, அதுதான் உண்மையான கணக்கு. அதை எடுக்கணும்னா என்ன பண்ணணும்? போகாம இருக்கணும்!"

வசந்தகுமார் விண்ணப்பத்தை மேஜை மேல் வைத்தான். இயக்குநர் அதைத் தொடவில்லை.

"மத்த தேசத்துக்காரா எல்லாம் கேமரா இறக்கறா, பெட்டியில தீனி வெச்சுக் கூப்பிடறா, ராப்பகலா முழுகறா. எத்தனை மீனுக்குத் தொந்தரவு! நம்ம மையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு மீனுக்குத் தொந்தரவு குடுத்ததில்லே. ஒரே ஒரு மீன் வந்து என்னைப் பாத்து, ரங்கராஜா, உன்னால எனக்குக் கஷ்டம்னு சொல்லட்டும், நான் ராஜினாமா பண்ணிடறேன். ஜெனீவாவில இதைச் சொன்னேன். எல்லாரும் அமைதியாயிட்டா."

"சார், அப்ப வருஷா வருஷம் அறிக்கை போகுதுங்களே..."

"போறதே," என்றார் இயக்குநர், பெருமையுடன்.

அது எப்படிப் போகிறது என்று வசந்தகுமார் காடேகர் மேடத்திடம் தெரிந்துகொண்டான். கடற்கரைகளிலிருந்து பல்கலைக்கழகங்களும் மீனவர் சங்கங்களும் அனுப்புகிற கணக்குகள் மையத்துக்கு வந்து சேரும். அவற்றோடு மையத்தின் பயிற்சிக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இடத்தின் பெயர் போடாமல் கம்ப்யூட்டர் ஏற்காது. அதனால் எவரோ எப்போதோ குளத்துக்கு "புனே-1" என்று பெயர் கொடுத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு கடல் சூடேறி மற்ற பாறைகள் வெளுத்தன, மீன் குறைந்தது. புனே-1இல் ஒரு கிளிமீன்கூடக் குறையவில்லை. வெளுத்ததும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் மையத்தில் தவறாமல் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.

அந்த வருஷம் கோடையில் மேலிடத்தில் யாரோ ஒருவர் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கே பார்த்தாலும் அழிவு அழிவு என்று படித்துக்கொண்டு வந்தவருக்குப் புனே-1ஐக் கண்டதும் கண்ணீரே வந்திருக்கும். நாட்டிலேயே மிக ஆரோக்கியமான பவளப்பாறை என்று அதைப் பாராட்டி, முழுப் பாதுகாப்புக்கு உட்பட்ட இடமாக அறிவித்து உத்தரவு வந்தது.

மையத்தில் இனிப்பு வழங்கினார்கள். அது வெறும் குளம் என்று எழுதித் தெரிவிக்கலாமே என்று வசந்தகுமார் சொல்லிப் பார்த்தான். கிடைத்த பாதுகாப்பை வேண்டாம் என்று சொன்ன அலுவலகம் எதுவும் இல்லை என்றார் காடேகர் மேடம். குளத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். நீந்தத் தடை, மீன் பிடிக்கத் தடை, படகு விடத் தடை என்று மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். பவளத்துக்கு ஆகாது என்று குளோரின் போடுவதையும் நிறுத்தினார்கள். இனிமேல் எல்லாப் பார்வையாளர்களும் கரையில் நின்றே எண்ண வேண்டும் என்று உத்தரவானது. கடலுக்குப் போக வந்தவனுக்கு இப்போது குளமும் இல்லை. அன்றிலிருந்து துண்டு காய்ந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. பார்கவி அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

மழைக்காலம் பிடித்தது. குளோரின் இல்லாத குளம் பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகி, தவளைகள் குடியேறின. சாயங்காலமானால் கொசு ஆளைத் தூக்கியது. சாந்தகுமாரிக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்தாள். குன்றின் அடிவாரக் கிராமத்திலிருந்து புகார் போய், மலேரியாத் துறை ஆள் ஒருவர் மழைக் கோட்டும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுமாக வந்து சேர்ந்தார். பாதுகாக்கப்பட்ட பவளப்பாறை என்ற பலகையைப் படித்தார். வேலி வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். "பவளம் கிவளம் எனக்குத் தெரியாது. புழு இருக்கிறது," என்று மராத்தியில் சொல்லிவிட்டு, பையை அவிழ்த்துக் குளத்துக்குள் கொட்டினார். கொசுப் புழுவைத் தின்கிற கப்பி மீன்கள். ஊரில் தேங்கிய தண்ணீர் எங்கே கண்டாலும் விடுவது அவர் வழக்கம். ரசீதில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்.

இப்படியாக, மையத்தின் வரலாற்றில் முதல் தடவையாக, உயிருள்ள மீன் அதன் வளாகத்துக்குள் வந்தது.

கணபதி விசர்ஜனம் முடிவதற்குள் அவை பெருகிக் குளம் முழுக்க மினுங்கின. வசந்தகுமார் சாப்பாட்டு வேளையெல்லாம் வேலி ஓரம் குந்தியிருந்தான். கடல் மீன் இல்லை, பவளப்பாறை மீன் இல்லை, விரல் நகத்தளவு. இருந்தாலும் மரக் களவாவின் நிழலில் போய் நின்று, ஒன்றை ஒன்று துரத்தி, திடீரென்று திரும்பிப் போயின. பார்க்கப் பார்க்க அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த மாதக் கணக்கெடுப்பு நாள் வந்தது. குடை விரிந்தது. தலைமைக் கண் எண்ணத் தொடங்கிற்று. பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கிற்று. டாக்டர் ரங்கராஜனின் நெற்றி வியர்த்தது.

"வசந்த்," என்றார் தாழ்ந்த குரலில். "அசையறதே."

"ஆமாங்க சார். உசுரோட இருக்குதுங்க."

"இந்தப் பக்கம் எண்ணி முடிச்சா அந்தப் பக்கம் போயிடறதே! எண்ணினதா எண்ணாததான்னு எப்படித் தெரியும்?"

"அதுதானுங்க சார் கஷ்டமே. அதுக்குத்தான் நாடா, அகலம், நிதானமா ஒரே வேகத்துல போறது, எல்லாமே."

அன்று எந்தப் பார்வையாளரின் கணக்கும் எவருடையதோடும் ஒத்துப்போகவில்லை. சாந்தகுமாரி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்று, கழிவறையில் போய் அழுதாள்.

அவசரக் கூட்டம் கூடியது. வந்திருப்பது மீன்தானா, அல்லது மீன் போன்ற வேறொன்றா என்று காலை முழுவதும் பேசினார்கள். மீன் என்றால் அது ஏன் பட்டியலில் இல்லை? பட்டியலில் இல்லாதது மீனாக இருக்க முடியுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயக்குநர் பேசினார். "நாம அவசரப்படப்படாது. இந்த ஜீவன்கள் அசையறது. இது இதோட தனிப்பட்ட கெட்ட பழக்கமா, இல்லே மீன்களோட பொதுவான குணமா? பொதுவான குணம்னா நம்ம முறையிலே சின்னத் திருத்தம் வேணும். அதனால ஒருத்தர் நேர்ல கடலுக்குப் போய், பவளப்பாறை மீன் அசையறதா இல்லையான்னு பாத்துண்டு வரட்டும். அப்படியே ஒரு கணக்கும் எடுத்துண்டு வரட்டும்."

கடலில் மூழ்கச் சான்றிதழ் வைத்திருந்தவன் மையத்தில் ஒருவன்தான் இருந்தான். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தபோது வசந்தகுமாருக்குக் கடலுக்குப் போக உத்தரவு கிடைத்தது. நோக்கம் என்ற இடத்தில் "மீன் அசைவை உறுதிசெய்தல்" என்று போட்டிருந்தது. அதை வீட்டில் காட்டியபோது பார்கவி சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து துண்டை எடுத்துப் பையில் வைத்தாள். தன் துணியையும் எடுத்து வைத்தாள்.

"நீ எதுக்கு அம்மணி?"

"ஒரு வருசமாக் காத்திருக்கேனுங்க. நானும் பாக்கோணும்."

மேற்குக் கரையில் மாளவண் கடல் அன்றைக்குத் தெளிந்திருந்தது. மழைக்காலம் முடிந்து படகுகள் அப்போதுதான் கிளம்பத் தொடங்கியிருந்தன. வசந்தகுமார் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, நாடாவும் பலகையுமாக முதுகுப்புறம் சாய்ந்து விழுந்தான். பார்கவி முகமூடியும் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு, படகுக் கயிற்றைப் பிடித்தபடி மேலே மிதந்தாள். அவன் பாறை மேல் நாடாவை விரித்தான். ஒதுங்கிக் காத்திருந்தான். பிறகு நாடா நெடுக, நிதானமாக, ஒரே வேகத்தில், எழுதிக்கொண்டே போனான். விதிமுறையில் ஒரு குறையும் இல்லை. வேலை முடிந்து மேலே வந்தபோது மனம் நிறைந்திருந்தது.

பார்கவி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். "பாத்தீங்களா? பச்சையா, வாய் கிளி மூக்காட்டம்... பாறையக் கடிச்சுக் கடிச்சுத் தின்னுச்சுங்களே, கறுக்கு முறுக்குன்னு சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு! அப்பறம் உங்க பின்னாடியே ஒரு மஞ்சக் கூட்டம் வந்துச்சு. நீங்க நாடாவத் தூக்கற எடத்துலயெல்லாம் என்னமோ பொறுக்கித் தின்னுட்டே வந்துச்சு. பாத்தீங்களா?"

வசந்தகுமார் பலகையைத் திருப்பிப் பார்த்தான். கிளிமீன் ஆறு. வண்ணத்துப்பூச்சி மீன் பதினொன்று. களவா நான்கு. குளத்துப் பட்டியல். வரிசைகூட மாறவில்லை. விரல் தானாக எழுதியிருந்தது. கண் நடுநடுவே தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு குடையைத் தேடியதும் இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லீங்க," என்றாள் பார்கவி. குரலில் கேலி இல்லை. "எழுதிட்டே போனீங்க. நான் மேல இருந்து கத்திக் கத்திக் கூப்புட்டேன்."

அவனுக்கு அழுகை வந்தது. உப்புத் தண்ணீரோடு உப்புத் தண்ணீராகப் போயிற்று. ஒரு கண்ணாடிக் கட்டடத்திலிருந்து தப்பித்து, சம்பளத்தை விட்டு, ஒரு வருஷம் ஒரு பெண்ணைக் காக்க வைத்து, கடைசியில் கடலுக்குள் போய்க் குளத்தை எண்ணிவிட்டு வந்திருந்தான். பென்சிலை எடுத்துப் பலகையின் குறுக்கே கோணலாக ஒரு கோடு இழுத்தான். பலகையைப் படகில் போட்டான். காற்று மீதி எவ்வளவு என்று பார்த்தான். கொஞ்சம் இருந்தது. வெறும் கையோடு மறுபடி இறங்கினான்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்கவி துண்டை நீட்டினாள். கரை சேருகிற வரை அவன்தான் பேசிக்கொண்டே வந்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மையத்தில் கூட்டம். காடேகர் மேடம் பலகையை வாங்கி, கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்து, புனே-1 கணக்கோடு வைத்துப் பார்த்தார். "நூறு சதவீதம்," என்றார். "அப்படியே ஒத்துப்போகிறது."

அறையில் கைதட்டல் எழுந்தது. சாந்தகுமாரி எழுந்து நின்று தட்டினாள்.

"அதாவது," என்று ஓர் உறுப்பினர் நெகிழ்ந்து சொன்னார், "கடல் தேறிவிட்டது."

"மேடம், அது தப்புங்க," என்றான் வசந்தகுமார். "நான் பாக்காம எழுதினது. அதனாலதான் அடிச்சிருக்கேன்."

"பார்க்காமல் எழுதியதால்தான் சரியாக வந்திருக்கிறது," என்றார் காடேகர் மேடம். "போன வருஷம் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதியபோது என்ன ஆயிற்று?"

மாளவண் பாறைக்குத் தேர்ச்சி என்று குறிப்பில் எழுதினார்கள். பாறையில் பல இடம் வெளுத்துக் கிடக்கிறது, களவா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, வலையில் சிக்கிச் செத்த மீன்கள் இருந்தன என்றெல்லாம் அவன் சொன்னது கூடுதல் பார்வை என்று நீக்கப்பட்டது. அசைவு பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கப்பி மீன்களை வலை போட்டு அள்ளிவிடத் தீர்மானமானது. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடத்தில் மீன் பிடிக்கத் தடை இருப்பதால் அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. வசந்தகுமாருக்கு முதல் நிலைப் பதவி உயர்வு ஒருமனதாக அறிவிக்கப்பட்டது.

எல்லாரும் போன பிறகு அவன் இயக்குநரின் மேஜையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்தான். வீட்டில் பேசி முடிவெடுத்திருந்தார்கள். கராடிக்கே திரும்பிப் போவது, லீவு கிடைக்கும் போதெல்லாம் இரண்டு பேருமாக மாளவண் பஸ் ஏறுவது. மீனைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த மையத்தை விட்டுப் போனால்தான் முடியும் என்பது பார்கவியின் கட்சி. அவனால் அதை மறுக்க முடியவில்லை.

டாக்டர் ரங்கராஜன் கடிதத்தைப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சுவர்ப் படங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வசந்த்," என்றார். "இது குறிப்புல எல்லாம் வராது. சும்மா கேக்கறேன்."

"கேளுங்க சார்."

"நாம அசையாம இருந்தா... அது கிட்ட வருமா?"

கூட்டத்தில் பேசுகிற குரலே இல்லை அது. வசந்தகுமாருக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வருதுங்க சார்," என்றான். "வந்து, மூஞ்சிக்கு நேரா நின்னு, நம்மளப் பாக்குதுங்க."